தடுமாறுகிறவருக்கே முதல் மரியாதை

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான். வீடியோ கேம் என்றால் பேரன் சாப்பாட்டுக்கு வராமல் இருப்பதற்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். 2020 ஊரடங்கில் அந்த நினைப்பு போயிற்று. மகன் ஓர் ஊரில், மகள் ஓர் ஊரில், நானும் மனைவியும் இங்கே. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் போனில் ‘அமாங் அஸ்’ விளையாடுவார்கள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். ஒரே நிமிடத்தில் செத்துப் போனேன். போனில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது எங்கள் வீட்டில் ஆட்டம் உண்டு. இப்போது தெரிந்தவர்கள் கேட்கிறார்கள்: “எங்க வீட்லயும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். என்ன வாங்கணும், எப்படி விளையாடணும்?” வாங்குவது சுலபம். விளையாடுவதில்தான் சில சங்கதிகள் இருக்கின்றன. பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. “எனக்கு ஒண்ணும் தெரியாதே” என்று ஒதுங்காதீர்கள்

கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை மாதிரி விளையாட்டுகளில் பழகிய கைதான் ஓங்கும். கூடிச் சிரிப்பதற்கென்றே செய்த விளையாட்டுகள் வேறு ரகம். லித்துவேனியாக்காரர் ஒருவர் உருவாக்கி 2016இல் வெளிவந்த ‘ஹ்யூமன் ஃபால் ஃப்ளாட்’டைப் பாருங்கள். பிசைந்த மைதா மாவு மாதிரி ஒரு வெள்ளை மனிதன். இடது கைக்கு ஒரு பொத்தான், வலது கைக்கு ஒரு பொத்தான். ஒரு பெட்டியைத் தூக்குவதற்குள் கால் பின்னும், கை சுவரில் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பெட்டியோடு சேர்ந்து பள்ளத்தில் விழுவான். அவன் அப்படித் தள்ளாட வேண்டும் என்று வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். தேர்ந்த ஆள் விளையாடினால் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். முதல் தடவை தொடுகிறவர் விளையாடினால் வீடே எழுந்து நிற்கும். ஒன்றும் தெரியாமல் வருகிறவர்தான் அன்றைக்கு மாப்பிள்ளை.

2. முதலில் தலைகளை எண்ணுங்கள்

பந்தி போடுவதற்கு முன் இலையை எண்ணுவதில்லையா? அதுபோல. இரண்டு பேர் முதல் நாலு பேர் வரை என்றால் ‘ஓவர்குக்டு’. சமையல்கட்டு விளையாட்டு, கன்ட்ரோலர் வேண்டும். எட்டுப் பேர் வரை என்றால் 2014 முதல் வந்துகொண்டிருக்கிற ‘ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்’. டிவியில் நாலு எழுத்தில் ஒரு ரூம் கோடு வரும். அதை அவரவர் போனின் பிரவுசரில் அடித்தால் போனே கன்ட்ரோலர். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் போதும், மற்றவர்கள் எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆட்கள் வெவ்வேறு ஊரில் இருந்தால் ‘அமாங் அஸ்’, அல்லது பிரவுசரிலேயே இலவசமாக ஓடும் ‘கார்டிக் ஃபோன்’. தள்ளுபடி போட்டிருக்கிறான் என்று பத்தை ஒன்றாக வாங்கிக் குவிக்காதீர்கள். ஒன்றை வாங்கி, அதை வீடு முழுக்கப் பழகிய பிறகு அடுத்தது.

3. கூடத்தைத் தயார் செய்யுங்கள்

கன்ட்ரோலர் எல்லாம் முந்தின நாளே சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு எச்டிஎம்ஐ வயரைத் தேடினால் பாதிப் பேர் தங்கள் போனுக்குள் போய்விடுவார்கள், திரும்பக் கூப்பிட முடியாது. இன்வெர்ட்டரில் டிவியும் வைஃபையும் ஓடுமா என்று பார்த்து வையுங்கள். பஜ்ஜி வேண்டாம், கையெல்லாம் எண்ணெய். சுண்டல் கிண்ணத்தில், கரண்டியோடு.

உடம்பும் முக்கியம். 1998 கடைசியில் ஜப்பானில் வந்த முதல் ‘மரியோ பார்ட்டி’யில் ஜாய்ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டிய மினி கேம்கள் சில இருந்தன. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துச் சுழற்றிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டார். 2000இல், விளையாடுகிறவர்களுக்குக் கையுறை கொடுக்க நின்டெண்டோ ஒப்புக்கொண்டது. கையுறை போடும் அளவுக்கு ஆவேசம் எதற்கு? அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

4. விதியை மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்

எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தால் பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள். ‘ஓவர்குக்டு’க்கு நான் சொல்வது இவ்வளவுதான்: “மூணு வெங்காயம் நறுக்கிப் பானையில போடு. வெந்ததும் தட்டுல ஊத்தி ஜன்னல்ல குடு. பானையை அடுப்புல மறந்துட்டா தீப்பிடிக்கும்.” மீதியை ஆட்டமே கற்றுக்கொடுக்கும். முதல் ஆட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முன்னாலேயே அறிவித்துவிடுங்கள். அடுப்பு தீப்பிடித்து எல்லோரும் கத்துகிறபோது, தீயணைப்பானை எடுக்கிற பொத்தான் எது என்று யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. எதிராளி கண்ணால் பாருங்கள்

இதற்கு ஒரு விளையாட்டையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம். கனடாவில் உருவாகி 2015இல் வந்தது, ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’. வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் ஆட்டம். குண்டு ஒருவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதை எப்படி அணைப்பது என்கிற கையேடு மற்றவர்களிடம் இருக்கும். 23 பக்கம், இலவசமாக இறக்கிக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். இவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூடாது, அவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது. பேச்சு மட்டும்தான் பாலம். முதல் குண்டுக்கு ஐந்து நிமிடம். மூன்று தப்பு செய்தால் வெடிக்கும். ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமெடுக்கும்.

நான் திரையின் முன்னால். மருமகள் கையில் கையேடு. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“மாமா, எத்தனை வயர்?”

“மூணு. மஞ்சள், நீலம், கறுப்பு. அதாவதும்மா, ரெண்டு பேஸு, ஒரு நியூட்ரல்.”

“அதெல்லாம் வேணாம் மாமா. சிவப்பு இருக்கா?”

“சிவப்பு எப்படி இல்லாம போச்சுன்னுதான் நானும் பார்க்கிறேன். மூணு பேஸ்ல ஒண்ணைக் காணோம்…”

“மாமா! சிவப்பு இல்லைன்னா ரெண்டாவதை வெட்டணும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சளை வெட்டியிருந்தேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு தப்பு.

அடுத்தது நாலு பொத்தான், நாலு சின்னம். கையேட்டில் அந்தச் சின்னங்கள் வரிசை வரிசையாக இருக்கும். நாலும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதில் மேலிருந்து கீழாக அமுக்க வேண்டும். “ஒண்ணு சூலம்” என்றேன். “அம்மன் சூலமா, முருகன் வேலா?” என்று என் மனைவி இடையில் புகுந்தாள். “மூணு முள்ளு.” “அப்ப அம்மன்.” இன்னொன்று நாக்கை நீட்டிச் சிரிக்கிற மூஞ்சி மாதிரி. இன்னொன்று கறுப்பு நட்சத்திரம். நாலாவதைச் சொல்லத் தெரியாமல், “கொக்கிக்குக் கொக்கி போட்ட மாதிரி” என்றேன். அவ்வளவுதான், இரண்டு பெண்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள், கடிகாரம் ஓடியது, குண்டு வெடித்தது.

அன்று படித்த பாடம்: எனக்குத் தெரிந்ததைச் சொல்வது பேச்சு ஆகாது. அவளுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு “மூணு வயர், சிவப்பு இல்ல” என்று மட்டும் சொன்னேன். குண்டு அணைந்தது. நாற்பது வருடம் மனைவியிடம் கேட்டுக் கேட்டும் வராத புத்தி, ஐந்து நிமிடக் குண்டில் வந்தது.

6. கத்தலாம், திட்டக்கூடாது

2016இல் வந்த ‘ஓவர்குக்டு’ சும்மா இருக்கிற குடும்பத்தையும் கத்த வைக்கும். சமையல்கட்டில் ஒரு பாதி ஓடுகிற லாரியில் இருக்கும், மறு பாதி பக்கத்தில் ஓடுகிற இன்னொரு லாரியில். பானை அங்கே, வெங்காயம் இங்கே. பாத்திரம் கழுவ ஆள் இல்லாமல் சூப்பு வெந்து கருகும். அப்போது “தட்டு! தட்டு!” என்று கத்துவது ஆட்டத்தின் ஒரு பங்கு. “உனக்கு அறிவே இல்லையா” என்பது ஆட்டத்துக்கு வெளியே. இந்தக் கோட்டை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு யோசனை: வீட்டில் நிஜமாகச் சமைக்கிறவரைத் தலைமைச் சமையல்காரர் ஆக்குங்கள். என் மனைவிக்குக் கன்ட்ரோலர் பிடிக்கவே முதலில் வரவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து, “நீ நறுக்கு, நீ அடுப்பைப் பாரு, நீங்க தட்டைக் கழுவுங்க” என்று மட்டும் சொன்னாள். அதுவரை ஒரு ஸ்டார் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மூன்று ஸ்டார் வாங்கினோம். ஆட்டம் முடிந்ததும் எழுந்து சமையல்கட்டுக்குப் போனவள் அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தாள்: “இங்கயும் தட்டு கிடக்கு.” யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரிப் பாத்திரம் என் கணக்கு.

7. ஆட்டத்தில் சொன்ன பொய் ஆட்டத்தோடு போகட்டும்

‘அமாங் அஸ்’ 2018இல் வந்தது. இரண்டு வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2020இல் உலகமே விளையாடியது. விண்கலத்தில் எல்லோரும் வேலை பார்க்கிறார்கள், நடுவில் ஒருவரோ இருவரோ வேஷக்காரர்கள். கூட்டம் கூடி, பேசி, ஓட்டுப் போட்டு அவர்களை வெளியே தள்ள வேண்டும். அந்தக் கப்பலில் எலக்ட்ரிக்கல் என்று ஓர் அறை. நிறம் பார்த்து வயர்களைச் சேர்க்கிற ஒரு வேலையும் உண்டு. என்னைக் கேட்க வேண்டுமா? அந்த அறையை விட்டு நான் நகர்வதே இல்லை. அதே அறையில்தான் கொலையும் அதிகம் விழும். “தாத்தா எலக்ட்ரிக்கல்லதான் நின்னாரு, நான் பார்த்தேன்” என்பான் பேரன். முடிந்தது கதை. ஒருநாள் என் மனைவி, “அவர் எப்பவுமே அங்கதான் நிப்பாரு, பாவம்” என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டு, எனக்கு எதிராகவே ஓட்டும் போட்டாள். கொலைகாரி அவள்தான்.

சிரித்தோம். ஆனால் இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேச்சுச் சூட்டில் ஒரு மச்சினர், “நீங்க எப்பவுமே இப்படித்தான், வீட்டுப் பங்கு விஷயத்துலயும்…” என்று ஆரம்பித்தார். போனில் எட்டுப் பேரும் மௌனம். அன்று ஆட்டம் அதோடு கலைந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டம். ஒன்று, செத்தவர் வாய் திறக்கக்கூடாது. ஆவியாக மீதி வேலையை முடிக்கலாம். இரண்டு, கப்பலுக்கு வெளியே நடந்தது எதுவும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

8. யாரை வைத்துச் சிரிக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஜாக்பாக்ஸில் ‘குவிப்லாஷ்’ என்று ஒன்று. ஒரே கேள்வி இரண்டு பேருக்குப் போகும். ஆளுக்கு ஒரு குறும்புப் பதில் எழுத வேண்டும். மற்றவர்கள் எது பிடிக்கிறது என்று ஓட்டுப் போடுவார்கள். யார் எழுதினார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும், அமெரிக்கச் சங்கதிகளும் இருக்கும். ஒருவர் சத்தமாகத் தமிழில் சொல்லிவிடட்டும். பதிலை ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடிக்கலாம். ஒருமுறை கேள்வியையே நாங்கள் மாற்றிக்கொண்டோம்: ‘மாமியாரிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை’. இரண்டு பதிலில் ஒன்று ‘உப்பு’. அத்தனை ஓட்டும் அதற்கே. மாமியார் ஓட்டும் சேர்த்து. எழுதியது மருமகள் என்று திரையில் வந்ததும் மாமியார் சொன்னாள்: “சொல்லித்தான் பாரேன்.”

இதுதான் அளவு. நிறம், எடை, பரீட்சை மார்க், ‘இன்னும் கல்யாணம் ஆகலையா’ ஆகிய நாலும் எங்கள் வீட்டில் தடை. சம்பந்தப்பட்டவரே முதலில் சிரிக்கிற கேலிதான் கேலி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த விளையாட்டின் அமைப்பிலேயே குடும்பத்துக்கு ஏற்றபடி வடிகட்டுகிற வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

9. வரையத் தெரியாதவர் கையில் பென்சிலைக் கொடுங்கள்

‘கார்டிக் ஃபோன்’ நம்மூர் காதோடு காது சொல்லும் விளையாட்டின் தம்பி. ஒருவர் வாக்கியம் எழுதுவார். அடுத்தவர் அதை வரைவார். அதற்கடுத்தவர் வாக்கியத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து என்ன என்று எழுதுவார். இப்படியே சுற்றி வந்து, கடைசியில் எல்லாம் வரிசையாகத் திரையில் விரியும். மகள் எழுதியது: ‘மழையில் நனைந்த கோழி குடை கேட்கிறது’. நான் வரைந்தேன். முடிவில் வந்து நின்றது: ‘டைனோசர் காளான் சாப்பிடுகிறது’. மருமகள் நன்றாக வரைவாள். அவள் கைக்கு வந்த வாக்கியம் எந்தச் சேதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். அதில் என்ன இருக்கிறது? என் கோழியைத்தான் இன்றும் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் படமாக வைத்திருக்கிறார்கள்.

10. கை கொடுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்

பிள்ளைகளையும் முதியவர்களையும் சேர்ப்பதற்குப் பல விளையாட்டுகளில் வழி வைத்திருக்கிறார்கள். ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ல் வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. 2020இல் வந்த ‘ஓவர்குக்டு’ தொகுப்பில் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அழுகிறதே என்று வேண்டுமென்றே தோற்காதீர்கள். அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அடுத்த வாரம் உங்களோடு ஆட வராது.

‘அல்டிமேட் சிக்கன் ஹார்ஸ்’ என்கிற விளையாட்டு இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு பலகையோ பொறியோ பாதையில் வைத்துவிட்டு ஓட வேண்டும். எல்லோரும் எல்லையைத் தொட்டால் யாருக்கும் புள்ளி இல்லை. ஒருவருமே தொடாவிட்டாலும் இல்லை. பாதை சுலபமாகவும் இருக்கக்கூடாது, முடியாததாகவும் இருக்கக்கூடாது. பிள்ளைகளோடு விளையாடுகிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் நான் கண்டதில்லை.

11. அதிர்ஷ்டத்தோடு சண்டை போடாதீர்கள்

‘மரியோ பார்ட்டி’யில் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டு முன்னால் நிற்பீர்கள். முடிவில் போனஸ் ஸ்டார் என்று கொடுப்பார்கள். கெட்ட கட்டத்தில் அதிகம் விழுந்தவருக்குக்கூட ஒரு ஸ்டார் வரும், அவர் ஜெயித்துவிடுவார். இளவட்டங்கள் இதை அநியாயம் என்பார்கள். தாயக்கட்டை உருட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதா? மலை ஏறப் போன காயை ஒரு தாயத்தில் வெட்டி வீட்டுக்கு அனுப்பியவர்கள்தானே நாம். கடைசி வரை கடைசி ஆளுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தால்தான் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்.

12. ஆசை இருக்கும்போதே எழுந்துவிடுங்கள்

இரண்டு மணி நேரம் போதும். “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்று பேரன் கெஞ்சுகிற இடம்தான் நிறுத்துகிற இடம். அதைத் தாண்டினால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் எரிச்சல் வரும், எரிச்சலோடு முடிந்த ஆட்டத்துக்கு அடுத்த தடவை யாரும் கூடமாட்டார்கள். கன்ட்ரோலரைத் துடைத்து, சார்ஜில் போட்டு, வயரைச் சுருட்டி வையுங்கள். அன்று யார் ஜெயித்தார் என்று எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தாத்தா மஞ்சள் வயரை வெட்டியது மட்டும் தெரு முழுக்கத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “நீங்க விளையாடுங்க, நான் பார்க்கிறேன்” என்பார். முதல் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுங்கள்.